கையெழுத்துப் போட்டவர் வீடு

அமெரிக்க ஜனாதிபதி வாஷிங்டனில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பர்மாவில், லைங் தாயா தொழிற்பேட்டையில், தங்கமணியின் தையல் லைன் நின்று போனது.

2003 ஆகஸ்ட். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் கொரியாக்கார மேனேஜர் எல்லோரையும் துணி வெட்டும் மேசையருகே நிற்க வைத்தார். தான் ஒன்றும் பேசாமல் பர்மியக் கிளார்க்கைப் பேசவிட்டார். பர்மாவில் தைத்த துணி எதுவும் இனி அமெரிக்காவுக்குள் போக முடியாது, ஜனாதிபதியின் உத்தரவு. அமெரிக்க ஆர்டர் இல்லாவிட்டால் கம்பெனி இல்லை. கையிலிருக்கும் ஜாக்கெட்டுகளை முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

பெண்கள் அழத் தொடங்கினார்கள். தங்கமணிக்கு அழுகை வரவில்லை. அவள் லைன் லீடர். பாட்டன் காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். கம்பெனியில் அவளுடைய பர்மியப் பெயர் மா தின். முப்பது மெஷின்களை மேய்த்துப் பழகிய குரல் அது. கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிட்டது.

"எதுக்கு இந்த உத்தரவு?"

"ராணுவம் எதிர்க்கட்சித் தலைவி, அந்த அம்மாவைப் பிடிச்சு அடைச்சு வெச்சிருக்கில்ல, அதுக்குத் தண்டனை" என்றார் கிளார்க், குரலைத் தாழ்த்தி.

"தண்டனை யாருக்கு?"

கிளார்க் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மழையைப் பார்த்தார்.

தங்கமணியின் கணவன் செல்வம் அதே கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஃபெரி பஸ்ஸை ஓட்டினான். கடைசி நாள் சாயங்காலம் பெண்களை ஒவ்வொரு நிறுத்தமாக இறக்கிவிட்டு, வீடு இருந்த க்யிம்யிண்டைங்கில் தன் மனைவியையும் இறக்கிவிட்டு, வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்தே வந்தான். ஒரே கையெழுத்தில் ஒரு வீட்டின் இரண்டு வேலையும் போயிற்று.

அதுகூட அவளுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. உறைத்தது நிலாரைப் பார்த்த அன்றுதான்.

நிலார், பியாபோன் பக்கத்து டெல்டாக் கிராமத்துப் பெண். தங்கமணியின் லைனில் காலர் தைத்தவள். அப்படி ஒரு கை அவள் கை, ஊசி இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. வேலை போன சில வாரங்களில், படித்துறைப் பக்கத்து பியர் கடையில், ஒலிபெருக்கி அலறும் சின்ன மேடையில் தங்கமணி அவளைப் பார்த்தாள். நிலாருக்குப் பாட வராது. பாட வேண்டிய அவசியமும் இல்லை. குடிக்க வந்தவர்கள் பிடித்த பெண்ணின் கழுத்தில் கடையிலேயே வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் மாலையைப் போடுவார்கள். மாலை போட்டவர் மேசைக்கு அந்தப் பெண் போய் உட்கார வேண்டும். நிலார் கழுத்தில் மூன்று மாலை கிடந்தது.

தங்கமணி நேரே உள்ளே போனாள்.

"வா, போகலாம்."

நிலார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கே அக்கா? எங்கே போகச் சொல்றீங்க?"

யாரும் தங்கமணியை விரட்டவில்லை. அவளாகத்தான் வெளியே வந்தாள். வீடு வரும்வரை தனக்குள் கேட்டுக்கொண்டே நடந்தாள். அந்தப் பெண் எந்த அம்மாவை அடைத்தாள்? யாரைச் சுட்டாள்? அவள் கழுத்துக்கு மாலையை வாங்கிக்கொடுத்தது யாருடைய கையெழுத்து?

இந்தக் கேள்வியை அவள் முதலில் ஜுல்ஃபிகரிடம்தான் கேட்டாள். அதே சந்தில் மாடியில் இங்கிலீஷ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். எண்பத்தெட்டில் காலேஜ் மாணவர். ராணுவ ஆட்சியை எதிர்த்த ஊர்வலத்தில் போனதற்காக ஒன்பது வருஷம் ஜெயிலில் இருந்தவர். முன்பற்கள் இரண்டு அங்கேயே போய்விட்டன. சந்தில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு மரியாதை, பக்கத்தில் போய்ப் பேச ஒரு பயம். தங்கமணிக்கு அந்தப் பயம் கிடையாது. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"இந்தத் தடையை நாங்கதான் கேட்டோம் தங்கச்சி" என்றார் அவர், டீக்கடையில் எதிரே உட்கார்ந்து.

"யாரு நாங்க?"

"கட்சி. ஜெயிலுக்குப் போனவங்க. வெளிநாட்டுக்குத் தப்பிப் போனவங்க. துணி வித்த டாலர்ல வரி யாருக்குப் போகுது? ஜெனரல்களுக்கு. அந்தக் குழாயை அடைக்கணும்."

"குழாய்ல நாங்க இருந்தோமே அண்ணே. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா ராணுவத்துக்காரன் சொல்ல விட்டுடுவானா உங்களை? இந்த ஊர்ல கூடிப் பேசவே முடியாது."

"அதனால எங்களுக்கும் சேத்து நீங்களே சரின்னு சொல்லிட்டீங்க. அங்க ஒருத்தர் உத்தரவு போடுறாரு. இங்கயும் உத்தரவுதான். எனக்கு என்ன வித்தியாசம்?"

ஜுல்ஃபிகருக்குக் கோபம் வந்துவிட்டது. "வித்தியாசம் இருக்கு. அங்க உத்தரவு போட்டவரைப் பார்த்து நீ கேள்வி கேக்கலாம். வெள்ளிக்கிழமை இங்க அமெரிக்கத் தூதரகம் நடத்துற நூலகத்துல ஒரு கூட்டம் இருக்கு. ஜனாதிபதிகளைப் பத்தித்தான் பேசப் போறாங்க. வா, வந்து கேளு."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் வந்துவிட்டாள்.

பேச வந்திருந்தது கேத்ரின் வால்டர்ஸ் என்ற சரித்திர ஆசிரியை. தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற அம்மாள். ஜனாதிபதிகளின் வீடுகளும் அரசு காப்பாற்றி வைத்திருக்கும் நினைவிடங்களும் என்பது அன்றைய தலைப்பு. அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஒரு பையன் பர்மியத்தில் சொன்னான். திரையில் படங்கள் மாறின. ஆற்றங்கரையில் வெள்ளைத் தூண்கள் வைத்த முதல் ஜனாதிபதியின் மாளிகை. அதன் பின்னாலேயே அவருடைய அடிமைகள் படுத்த அறைகள். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் காட்டுகிறோம், ஒளிப்பதில்லை என்றார் அந்த அம்மாள். அப்புறம் லிங்கனின் மரவீடு. லட்சக்கணக்கான அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தது அவருடைய ஒரு கையெழுத்துதான் என்றார்.

அடுத்த படத்தில் வீடே இல்லை. பாலைவனம், பின்னால் மலை, நடுவில் ஒரு வெள்ளைத் தூண். பக்கத்தில் பழைய புகைப்படம் ஒன்று: வரிசை வரிசையாகத் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகைகள்.

"இந்த இடத்தின் பெயர் மான்சனார். 1942இல் எங்கள் ஜனாதிபதி ஓர் உத்தரவு போட்டார். ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காகவே லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு இப்படிப்பட்ட முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். வழக்குப் போனபோது உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1988 ஆகஸ்டில், நாடு மன்னிப்புக் கேட்டது. இப்போது அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக வைத்திருக்கிறோம்."

1988 ஆகஸ்ட் என்றதும் கூடத்தில் ஒரு அசைவு. ஜுல்ஃபிகர் குனிந்து தரையைப் பார்த்தார். அந்த ஆகஸ்டில் இந்த ஊர்த் தெருவில் துப்பாக்கிச் சூட்டில் அவருடைய சிநேகிதர்கள் விழுந்திருந்தார்கள்.

தங்கமணி பார்த்துக்கொண்டிருந்தது கொட்டகைகளை. லைங் தாயாவில் அவள் பெண்கள் தங்கியிருந்த அறைகளும் இப்படித்தான், வரிசை வரிசையாக இருந்தன. கேள்வி நேரம் வந்ததும் எழுந்தாள். குரல் உடனே மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிய பழைய குரலாகிவிட்டது.

"நான் ஜாக்கெட் தைச்சவ. உங்க ஊருக்குத்தான் தைச்சேன். உங்க ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாரு, எங்க கம்பெனி மூடிட்டாங்க. என் லைன்ல இருந்த பொண்ணு இன்னிக்கு பியர் கடையில மாலை போட்டுக்கிட்டு நிக்குது. அந்த ஜப்பான்காரங்களாவது உங்க ஊர் ஆளுங்க, கடைசியில ஒரு மன்னிப்புக் கிடைச்சுது. நாங்க உங்களுக்கு ஓட்டுப் போடாதவங்க, உங்க நீதிமன்றத்துக்கு வரமுடியாதவங்க. எங்களுக்கு எப்ப? நாற்பத்தாறு வருஷம் கழிச்சு லைங் தாயாவுல வந்து ஒரு பலகை நடுவீங்களா?"

பையன் அதை இங்கிலீஷில் சொன்னான். முடிந்ததும் பின்வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். 'ராணுவத்துக்கு ஆதரவாப் பேசுறா' என்று ஒரு குரல் காதில் விழுந்தது.

கேத்ரின் வால்டர்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தடைக்குப் பாராளுமன்றம் சட்டம் போட்டது, ஜனாதிபதி தன் உத்தரவையும் சேர்த்தார். காரணம் நல்லது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். ஆனால் கையெழுத்துப் போடுகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது. உங்களுக்குத் திருப்தியாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல நடிக்கவும் மாட்டேன்."

கூட்டம் முடிந்து கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். தங்கமணி காப்பியை மட்டும் குடித்தாள். நேர்மையான பதில்தான். நேர்மையை வைத்து நிலாரை மேடையிலிருந்து இறக்க முடியுமா?

நாலு நாள் கழித்துக் காலையில், வார்டு தலைவர் ஊ சான் துன் வீட்டுக்கு வந்தார். கூடவே வெள்ளைச் சட்டையும் லுங்கியும் உடுத்த ஒருவர். பெயர் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தங்கமணி கூட்டத்தில் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"நன்றாகக் கேட்டாய் மா தின். இதையே பத்திரிகைக்குச் சொல். டெலிவிஷனிலும் போடுவோம். மியான்மர் நாட்டுத் தொழிலாளிப் பெண்ணின் நியாயமான கோபம்."

நாட்டுத் தொழிலாளி! தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது. அவள் வைத்திருந்தது நீல அட்டை. இந்த மண்ணில் பிறந்து, அப்பனும் இந்த மண்ணில் பிறந்து, அரசாங்கக் கணக்கில் அவள் விருந்தாளிக் குடிமகள். முழுக் குடிமக்களுக்குக் கொடுக்கும் ரோஜா நிற அட்டைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்திருந்தாள்.

அந்தப் பேச்சை அந்த மனிதரே எடுத்தார். "உன் அட்டை விஷயம் ரொம்ப நாளாகக் கிடக்கிறதாமே. முடித்துவிடலாம். புதன்கிழமை ஆபீசுக்கு வா."

அவர்கள் போனதும் செல்வம் கதவைச் சாத்தினான்.

"மணி, அவங்க ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலியே. நீ கேட்டதைத்தானே கேக்கச் சொல்றாங்க."

"நான் கேட்டேங்க. அதை அவங்க கேக்குறது வேற."

"அட்டை வந்துட்டா லைசென்ஸு, வேலை எல்லாத்துக்கும் நல்லது. உனக்கு அமெரிக்காக்காரன்மேல கோபமா இல்லையா?"

"கோபம் இருக்கு. அது என்னோட கோபம். இவனுங்களுக்கு எதுக்கு அதைத் தூக்கிக் குடுக்கணும்?"

செல்வம் கெட்டவன் இல்லை. வேலையில்லாத வீட்டில் வந்து கதவைத் தட்டிய ஒரு வாய்ப்பை விட மனமில்லாதவன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

புதன்கிழமை வார்டு ஆபீசில் அவளிடம் ஒரு தாளை நீட்டி, கேமரா முன்னால் படிக்கச் சொன்னார்கள். முதல் பாதி அவள் வார்த்தை. நிலார்கூட அதில் இருந்தாள், பெயரில்லாமல். இரண்டாம் பாதியில், தடையைக் கேட்டு வாங்கியவர்கள் அந்நியனின் கோடரிக்குக் காம்பானவர்கள், அவர்களை மக்கள் சும்மா விடக்கூடாது என்று இருந்தது. தினம் அரசாங்கப் பத்திரிகையின் ஓரத்தில் வரும் வாசகம்தான்.

"முதல் பாதி நான் கேட்டது. இது யாரு சொன்னது?"

"இரண்டும் ஒன்றுதான். படி" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

தங்கமணி தாளை மேசைமேல் வைத்தாள். "ஐயா, அவங்க ஜனாதிபதியைப் பத்தி அவங்க இடத்துலேயே நின்னு கேட்டேன். என்னைத் துரத்தலை, காப்பி குடுத்தாங்க. உங்க தலைவர்கிட்டயும் எனக்கு ஒரு கேள்வி இருக்கு. எந்த இடத்துல நின்னு கேக்கலாம், சொல்லுங்க. கேட்டுட்டு வந்து இதைப் படிக்கிறேன்."

ஊ சான் துன் அவசரமாகக் கையை ஆட்டினார், வேண்டாம் என்று. மற்றவர் சிரித்த முகத்தோடு, "என்ன கேள்வி?" என்றார்.

"அந்த அம்மாவை ஏன் அடைச்சீங்க? நீங்க அடைக்கலேன்னா அவர் எதுக்குக் கையெழுத்துப் போடுறாரு? அவரு எங்க சோத்துல கைவெச்சது நிஜம். தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால வெச்சது நீங்க."

சிரிப்பு போகவில்லை, அப்படியே உறைந்து நின்றது. "அட்டையைக் கொடு" என்றார் அவர். நீல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை டிராயருக்குள் போட்டார். "சரிபார்க்க வேண்டியிருக்கிறது. போகலாம்."

அட்டை இல்லாதவள் ஊர் விட்டு ஊர் போக முடியாது, வேலைக்கு மனுப் போட முடியாது, இன்னொருவர் வீட்டில் ஓர் இரவு தங்கக்கூட முடியாது. வீட்டுக்கு வந்து சொன்னபோது செல்வம் தலையில் கைவைத்துக்கொண்டான். திட்டவில்லை. "ரோஜா அட்டையும் போச்சு, நீல அட்டையும் போச்சா" என்று மட்டும் கேட்டான்.

அவள் படிக்காவிட்டால் என்ன? ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்துவிட்டது. கம்பெனி அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம், மா தின் என்ற பெயர், இரண்டு பாதியும் சேர்த்து முழுசாக. சந்தில் டீக்கடைக்காரன் அவளைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தான். கறிகாய்க்காரி விலையைத் தவிர வேறு பேசவில்லை. ஜுல்ஃபிகர் மாடிப்படியில் இறங்கி வந்தவர், அவளைக் கண்டதும் எதையோ மறந்தவர்போலத் திரும்ப மேலே ஏறினார்.

மறுநாள் அவர் தானாகவே வந்து கதவைத் தட்டினார். ஆபீசில் நடந்ததை ஊ சான் துன்னே யாரிடமோ சொல்லி, அது சுற்றிச் சுற்றி அவர் காதுக்கு வந்திருந்தது. தங்கமணி உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நிறுத்தினாள்.

"நம்பினீங்களா அண்ணே?"

"ஒரு நாள்... நம்பினேன்."

"உங்களைப் பிடிச்ச அன்னிக்கு இதே பேப்பர்ல உங்களைப் பத்தி என்ன எழுதினான்? கொள்ளைக்காரன்னு எழுதினான். எங்கம்மா அதைப் படிச்சிட்டு என்ன சொன்னா தெரியுமா? அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்லேன்னு சொன்னா. உங்களுக்கு என்னைப் பத்தி அவ்வளவுகூடத் தெரியாதா? கூலிக்காரி, நாலு காசுக்குச் சொல்லியிருப்பான்னு நினைச்சீங்க, இல்ல?"

ஜுல்ஃபிகர் ஒன்பது வருஷம் விசாரணைகளில் நிமிர்ந்து நின்றவர் என்று சொல்வார்கள். அன்று தலை குனிந்துதான் நின்றார்.

"தப்பு தங்கச்சி" என்றார் கடைசியில். "நான் நூலகத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"நீங்க ஏன் சொல்லணும்? எனக்கு வாய் இல்லையா?"

அந்த வாரம் நிலாரைப் பற்றிச் சேதி வந்தது. கூட இருந்த பெண் ஒருத்தி சொன்னாள்: நிலார் பியர் கடையை விட்டுவிட்டாள், எல்லை தாண்டி தாய்லாந்துப் பக்கம் மே சோட்டில், காகிதம் எதுவும் இல்லாமல், ஒரு கம்பெனியில் மறுபடி காலர் தைக்கிறாள். போலீஸ் வந்தால் பின்பக்கக் கரும்புத் தோட்டத்தில் ஒளிய வேண்டுமாம். தைத்த ஜாக்கெட் போவது அமெரிக்காவுக்கு.

வெள்ளிக்கிழமை தங்கமணி நூலகத்துக்குப் போனாள். செல்வம் வேண்டாம் என்றான். பிறகு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, "பாத்துப் பேசு" என்று மட்டும் சொல்லி ஏற்றிவிட்டான். கேத்ரின் வால்டர்ஸ் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அன்று வேறு யாரோ தேர்தல்களைப் பற்றிப் பேசினார்கள். அவள் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி காலியானது. கேள்வி நேரம் வரை காத்திருந்து எழுந்தாள்.

"எனக்கு இன்னிக்குக் கேள்வி இல்லை. பேப்பர்ல வந்தது நான் சொன்னதில்லை. ஜெயிலுக்குப் போனவங்களை நான் காம்புன்னு சொல்லமாட்டேன். படிக்கமாட்டேன்னு சொன்னதுக்கு என் அட்டையைப் பிடுங்கிக்கிட்டாங்க. ஆனா அன்னிக்கு இங்க கேட்டதை நான் வாபஸ் வாங்கலை. அந்தப் பொண்ணு இப்ப மே சோட்டுல தைக்குது. அதே கை, அதே காலர். தாய்லாந்துன்னு சீட்டு வெச்சுத் தைச்சா வாங்கிக்கிறீங்க. அப்ப உங்க தடை ஜெனரல் வீட்டு வாசலையா அடைச்சுது, அவ வீட்டு வாசலையா? இதைக் கேக்குறதாலே நான் ராணுவத்து ஆளுன்னு நினைக்கிறவங்க, தாராளமா நாற்காலி மாத்தி உக்காரலாம்."

பின்வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. யாரும் கை தட்டவும் இல்லை. கூட்டம் நடத்தியவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். ஜுல்ஃபிகர் மூன்று வரிசை தாண்டி வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். தடை வேண்டும் என்றார் அவர், இப்போதும். ஆனால் கேட்டு வாங்கிய விதம் சரியில்லை என்று முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். விதம் மட்டுமில்லை, தடையே சரியில்லை என்றாள் அவள். தமிழில் கத்தியதால் பஸ்ஸில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

தடை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கப்பட்டது. அந்த அம்மாவும் வீட்டுக்காவலிலேயே இருந்தார். தங்கமணியின் கம்பெனிக் கட்டடத்தில் யாரோ அரிசி மூட்டை அடுக்கினார்கள். செல்வத்துக்கு லைன் பஸ்ஸில் மாற்று டிரைவர் வேலை கிடைத்தது. அவள் வாடகை மெஷினில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பச்சை லுங்கி தைத்தாள். நீல அட்டை திரும்பி வர இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்குள் ஊ சான் துன் தலைவர் பதவியிலிருந்து போய்விட்டார். புது ஆள் டிராயரிலிருந்து அட்டையை எடுத்து, தூசி தட்டி, எதற்குப் பிடித்து வைத்தார்கள் என்று அவளிடமே கேட்டார்.

"ஒரு கேள்வி கேட்டேன், அதுக்கு" என்றாள் தங்கமணி. "பதில் இன்னும் வரலை."

அவர் அதைக் காதில் வாங்கினாரோ இல்லையோ. அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.